மோட்டார் நின்ற பிறகு: கடலூரில் ஓர் ஆட்டோரொட்டேஷன் பயிற்சி – நிகழ்வு ஆய்வு

பறந்துகொண்டிருக்கும் மாடல் ஹெலிகாப்டரின் மோட்டார் நின்றுபோனால் அவ்வளவுதான், விழுந்து நொறுங்கிவிடும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பல வருடம் பறக்கவிட்டவர்களே அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். லூப், ரோல் எல்லாம் அநாயாசமாகப் போடுகிற கைகள்கூட, மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தரையில் நிற்கும்போது மட்டுமே தொடுகின்றன. பேட்டரி வயர் கழன்றாலும், கியர் பல் உதிர்ந்தாலும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி சூடாகி நின்றாலும் மாடலை முழுசாக இறக்க முடியும். அதற்கு, கீழிருந்து வரும் காற்றிலேயே ரோட்டரைச் சுழலவிட்டு இறக்கும் ஆட்டோரொட்டேஷன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. நாலு மாதத்து நிகழ்ச்சிகளைத் தேய்த்துச் சுருக்காமல் எழுதிவைக்க ஒரே காரணம், கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைக் கற்கத் தயங்குகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதுதான்.

கற்றவர் கடலூர் முதுநகரில் மீன்பிடி விசைப்படகுகளின் டீசல் எஞ்சின் பார்க்கும் மெக்கானிக். என்னை அண்ணே என்பார். நான் தம்பி என்பேன். இங்கேயும் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நிலையாக நிறுத்துவது, எட்டு போடுவது, மூக்கை நம் பக்கம் திருப்பி வைத்துப் பறப்பது எல்லாம் அவருக்குச் சரளம். ஆட்டோரொட்டேஷன் மட்டும் சிமுலேட்டரில் வரும், வெளியில் வராது. அதில் வியப்பில்லை. இறங்கு பாதையைக் கண்ணால் பிடிக்க சிமுலேட்டர் நன்றாகவே பழக்கும். ஆனால் ரோட்டரில் எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்பதை அது பெரும்பாலும் தாராளமாகக் காட்டிவிடுகிறது.

மாடல் 600 ரகம், மின்சார மோட்டார். பிளேடு ஒவ்வொன்றும் 600 மி.மீ. நீளம், சுமார் 130 கிராம். ரோட்டரின் விட்டம் 1.35 மீட்டர். பேட்டரியோடு 3.8 கிலோ. நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது பிளேடின் நுனி மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகிறது. ஆகவே ஆடு மேய்க்கும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் மாடலை இறக்கிவிட்டு, அவர்களைத் தூரமாக உட்கார வைத்த பிறகே மறுபடி கிளப்புவோம். 450 ரகத்தில் இதைக் கற்க நான் யாருக்கும் சொல்வதில்லை. 325 மி.மீ. பிளேடு தக்கையானது, கை சற்றே பிந்தினாலும் சுழற்சி தீர்ந்துவிடும்.

இடம் கடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி போகும் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு இடையே மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடித்த ஒரு செம்மண் கொல்லை. கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினோம். நெல் அறுத்த வயலைவிட இது மேல். நெல் தாளில் மாடலின் ஸ்கிட் கால் மாட்டினால், அழகாக வந்து இறங்கிய மாடலும் தலைகுப்புறக் கவிழும். புதுச்சேரி நண்பர்களும் இந்தப் பக்கமே வருவதற்கு வேறு காரணம் உண்டு. 2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி, இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் மஞ்சள் மண்டலம். அனுமதி இல்லாமல் பறக்கக்கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம், அதற்கு அப்பால் பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். லாஸ்பேட்டை விமான நிலையத்தைச் சுற்றி 8 கி.மீ. என்றால் புதுச்சேரி நகரமே அதற்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் பயிற்சிக்கு 50 மீட்டருக்கு மேல் தேவைப்படவில்லை. ஆனாலும் இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எந்தக் கொல்லையிலும் இறங்கக்கூடாது.

ஆற்றல் எங்கே இருக்கிறது

மோட்டார் ஓடும்போது ரோட்டர் காற்றை மேலிருந்து கீழே தள்ளுகிறது. மோட்டார் நின்றதும் பிளேடின் பிட்ச் கோணத்தை, அதாவது பிளேடு சாய்ந்திருக்கும் அளவைக் குறைத்து மாடலை இறங்க விட்டால், காற்று கீழிருந்து மேலே ரோட்டருக்குள் புகுந்து வரும். அந்தக் காற்றுதான் பிளேடைச் சுழல வைக்கிறது. பிளேடு முழுவதும் ஒரே வேலை செய்வதில்லை. செங்குத்தாக இறங்கும்போது, வேரிலிருந்து கால் பங்கு நீளம் ஸ்டால் ஆகி, தூக்கும் திறனை இழந்து கிடக்கும். கால் பங்கிலிருந்து 70 சதவீதம் வரையுள்ள நடுப்பகுதி ரோட்டரை ஓட்டும். மீதி நுனிப்பகுதி அந்த ஓட்டத்தைத் தின்று தூக்குவிசை தரும். பெரிய ஹெலிகாப்டர் பாடங்களில் வரும் பங்கீடு இது. மாடலிலும் நடப்பது இதுதான். ஸ்பெயினில் ஹுவான் டி லா சியர்வா 1923-ல் பறக்கவிட்ட ஆட்டோஜைரோவின் ரோட்டருக்கும் மோட்டார் கிடையாது. காற்றே அதைச் சுழற்றியது.

தம்பிக்கு இதைக் கரும்பலகைப் பாடமாக நடத்தவில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2000 சுற்றில் இந்த ரோட்டரில் தேங்கியிருப்பது ஏறக்குறைய 880 ஜூல். அந்தரத்தில் நிற்க இந்த மாடல் வினாடிக்குச் சுமார் 450 ஜூல் தின்கிறது. சுழற்சி குறையும்போது ஆற்றல் அதன் வர்க்கத்தில் குறைவதால், 2000 சுற்று 1400-க்கு வரும்போதே பாதி போய்விடும். 1400-க்குக் கீழே மாடலைத் தாங்கிப் பிடிக்க பிட்ச் நிறையக் கொடுக்க வேண்டும்; கொடுத்தால் சுழற்சி இன்னும் சரியும். ஆக, நம்பித் தொடக்கூடிய கையிருப்பு ஒரு வினாடி, மிஞ்சிப்போனால் சற்றே கூட.

உயரத்தில் இருப்பது வேறு. 30 மீட்டரில் 1100 ஜூல் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி, இறங்கும் வழியில் ரோட்டரைச் சுழல வைப்பதிலேயே செலவாகிவிடும். தரைக்கு வரும்போது கையில் இருக்காது. மூன்றாவது, முன்னோக்கிய வேகம். வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வரும் மாடலிடம் 270 ஜூல் இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் கடைசிவரை கெடாமல் கூடவே வருவது இது ஒன்றே. தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி ஃபிளேர் செய்தால் இந்த வேகம் ரோட்டருக்குள் போய்ச் சுழற்சியாக மாறும். சரியாகச் செய்த ஃபிளேரில் ரோட்டரின் சத்தம் ஏறுவதைக் காதால் கேட்கலாம். மேலிருந்து செங்குத்தாக இறக்கப் பார்ப்பவர்கள் இந்த 270-ஐத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள்.

மாடலைத் தயார்செய்தது

மெயின் கியருக்கும் ரோட்டர் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒன்-வே பேரிங் இருக்கிறது. மோட்டார் சுற்றினால் அது ஷாஃப்ட்டைப் பிடிக்கும். மோட்டார் நின்றால் விட்டுவிடும், ரோட்டர் தன்போக்கில் சுழலும். வால் ரோட்டரின் பெல்ட் இந்த மாடலில் ஷாஃப்ட்டோடு இணைந்திருப்பதால், மோட்டார் இல்லாதபோதும் வால் சுழலும், கைரோ திசையைப் பிடித்துக்கொள்ளும். வால் நின்றுபோகும் அமைப்புள்ள மாடல்களும் உண்டு. அவற்றில் முதல் பாடம் கற்க வேண்டாம்.

ஹோல்டுக்கென்று தனிப் பிட்ச் வளைவு போட்டோம். ரிமோட்டின் பிட்ச் குச்சி அடியில் இருந்தால் –4 டிகிரி, உச்சியில் +12. தம்பியின் பழைய அமைப்பில் ஹோல்டிலும் –11 இருந்தது. பதற்றத்தில் குச்சியை அடிவரை இழுத்தால் மாடல் தரையை நோக்கிப் பாயும். –4 வைத்துவிட்டால் பயந்த கை அடிவரை போனாலும் பாதகமில்லை. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் பயிற்சிக்குப் போகவே கூடாது என்பேன்.

இஎஸ்சியில் மீட்பு வசதி இருந்தது. ஹோல்டை எடுத்ததும் வழக்கமான மெதுவான தொடக்கத்துக்குப் பதிலாக மோட்டார் ஓரிரு வினாடியில் வேகம் பிடிக்கும். பிளேடைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையிலேயே அதைச் சோதித்துப் பார்த்த பிறகே நம்பினோம்.

கை மேலே போகிறது

அரை மீட்டரில் ஹோல்ட் போட்டு இறக்கு, பிறகு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று படிப்படியாக உயர்த்து – இப்படிப் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். முழங்கால் உயரம் வரை அது நல்ல பாடம். அதற்குமேல் அது ஆபத்தான பாடம். 3 மீட்டரிலிருந்து 10, 12 மீட்டர் வரை, முன்வேகம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் மாடலுக்கு மோட்டார் நின்றால் தப்பிக்க வழி அநேகமாக இல்லை. காற்று கீழிருந்து வந்து ரோட்டரைப் பிடிக்குமுன் தரை வந்துவிடும். பெரிய ஹெலிகாப்டர்களுக்கு உயரம்–வேகம் வரைபடம் போட்டு, இந்தப் பகுதியில் நிற்காதே என்று விமானிகளுக்குச் சொல்வது இதனால்தான். ஆகவே இரண்டு முனையிலிருந்தும் தொடங்கினோம். ஒரு பக்கம், முழங்கால் உயரத்தில் ஹோல்ட் போட்டு, கடைசிப் பிட்ச் எப்போது எவ்வளவு என்று கைக்குப் பழக்குவது. மறுபக்கம், 45 மீட்டரில் ஹோல்ட் போட்டு, சறுக்கி இறங்க விட்டு, 15 மீட்டருக்கு மேலேயே ஹோல்டை எடுத்துத் திரும்பப் பறப்பது. நடுவில் இருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்ப்பாடம் தம்பிக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. மேல்பாடம் வரவில்லை. ஹோல்ட் போட்டதும் மாடல் சடாரென்று அமுங்கும், பிறகு வேகமாக இறங்கும், 15 மீட்டர் வரும்போது ரோட்டரில் உயிரே இருக்காது. மோட்டார் திரும்பிப் பிடித்ததால் மாடல் தப்பியது.

"அண்ணே, கீழ எறங்கும்போது கை தானா மேல போவுது. நான் போடல, அதுவாப் போவுது" என்றார்.

அவர் தொழிலை வைத்து யோசித்தால் அது இயல்பு. படகில் எஞ்சின் படுத்தால் கை த்ராட்டிலைத் தேடும், கொடுத்துப் பார்க்கும். ஹெலிகாப்டரிலும் எல்லா நாளும் மாடல் தாழ்ந்தால் குச்சியை மேலே தள்ளித்தான் தூக்கியிருக்கிறோம். வருடக்கணக்கில் ஊறிய அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிராக, மோட்டார் நின்ற அந்தக் கணத்தில் மட்டும் கை முதலில் கீழே போக வேண்டும். ராபின்சன் ஆர்22 போன்ற, எடை குறைந்த ரோட்டர் உள்ள சின்ன ஹெலிகாப்டர்களில் எஞ்சின் நின்றால் விமானிக்குப் பிட்சை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலைத் தாழ்த்தக் கிடைப்பது ஒன்று, ஒன்றரை வினாடி. அவர்களுக்கும் இதே தயக்கம்தான் முதல் எதிரி.

"கீழே தள்ளு, கீழே தள்ளு" என்று பக்கத்தில் நின்று கத்துவதால் பயனில்லை. கண் மாடல் தாழ்வதைப் பார்க்கிறது. பார்க்கிறவரை கை கண் பேச்சைத்தான் கேட்கும். அதனால் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்தேன்.

காதால் அளந்தது

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலைச் சொல்ல வேண்டும். இஎஸ்சி பதிவில் சுழற்சி எண் வருமே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஆட்டோரொட்டேஷனில் ரோட்டரை மோட்டாரிலிருந்து ஒன்-வே பேரிங் பிரித்துவிடுகிறது. மோட்டார் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான் அந்தப் பதிவு காட்டும். ரோட்டர் என்ன வேகத்தில் சுழல்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஒலி காட்டிக்கொடுக்கும். இரட்டைப் பிளேடு ரோட்டர் 2000 சுற்றில் வினாடிக்கு 67 முறை காற்றை வெட்டுகிறது. 1500 சுற்றில் 50. வால் ரோட்டர் இதைப்போல நாலரை மடங்கு வேகத்தில் சுழல்வதால், 2000-ல் அதன் ஒலி 300 ஹெர்ட்ஸில் விழும், 1500-ல் 225-ல். 50, 60 ஹெர்ட்ஸை போன் மைக் சரியாகப் பிடிக்காது. வாலின் ஒலியைத் தெளிவாகப் பிடிக்கும். போனை ஒரு குச்சியில் கட்டி நட்டு, பதிவுசெய்து, அலைவெண் காட்டும் செயலியில் போட்டுப் பார்த்தோம். மாடல் நம்மை நோக்கி வரும்போது ஒலி சற்றுக் கூடித் தெரியும். 12 மீட்டர் வேகத்துக்கு அது மூன்றரை சதவீதம். குறுக்கே பறக்கும்போது அதுவும் இல்லை.

முதல் பதிவுகளில் எல்லாமே வெளிப்படையாகத் தெரிந்தது. ஹோல்ட் விழுந்த இடத்தில் 300-ல் இருந்த கோடு, ஒரு வினாடிக்குள் 230-க்கு வழுக்கி விழுகிறது. அதன் பிறகே இறக்கம் தொடங்குகிறது. அதாவது மோட்டார் நின்ற பின்னும் ஏறக்குறைய ஒரு வினாடி, அந்தரத்தில் நிற்கத் தேவையான பிட்ச் அப்படியே இருந்திருக்கிறது. பாதிக்கு மேல் கையிருப்பு அங்கேயே, உச்சியிலேயே போய்விட்டது. கீழே நடந்த கோளாறுக்கெல்லாம் காரணம் மேலே இருந்தது. தம்பி திரையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்ண்ணே. லோடு தாங்காம எஞ்சின் அமுங்குற சத்தம்" என்றார்.

அன்றிலிருந்து பயிற்சி மாறியது. வழக்கமான பறப்பில் பேசிக்கொள்ளாமல் சத்தத்தை மட்டும் கேட்பது. ஹோல்ட் போடும் விரலும் குச்சியைத் தாழ்த்தும் விரலும் ஒரே நேரத்தில் அசைவது. தாழ்த்திய பிறகு பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, கேட்க வேண்டியது சத்தத்தை: சத்தம் நிமிர்ந்து நிற்கிறதா, இல்லையா. 1500 சுற்றில் பிளேடு ஒலியின் இரண்டாம் மடங்கு 100 ஹெர்ட்ஸ். தெருமுனை ஈபி டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலும் அதே 100 தான். "டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிக் கேட்டால் கைவிட்டுவிட்டாய் என்று அர்த்தம்" என்று சொல்லி வைத்தேன். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுள் முழுக்க டீசல் எஞ்சின் சத்தத்தை வைத்தே நோய் கண்டுபிடித்தவர் அவர். சில வாரத்தில் பதிவின் கோடு 300-லிருந்து 280-க்கு மட்டும் இறங்கி, சறுக்கலில் அங்கேயே நின்றது. கையும் முதலில் கீழே போகப் பழகிவிட்டது.

ஒரு பூம் வெட்டு

நடுவில் ஒரு சேதம் நடந்தது. முழுமையாக இறக்கத் தொடங்கிய நாட்களில், தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது சுழற்சி தீர்ந்திருந்தது; தம்பி மொத்தப் பிட்சையும் கொடுத்தார். மெதுவாகச் சுழலும் பிளேடுக்கு விறைப்பு இருக்காது. ஸ்கிட் தரையில் மோதிய அதிர்ச்சியில் அது வளைந்து, வாலைத் தாங்கும் குழாயான பூமை வெட்டியது. பூம், ஸ்பிண்டில், ஒரு ஜோடி பிளேடு, பெல்ட் எல்லாம் போயின. இந்த மாதிரி நேரத்தில் மாடல் தொம்மென்று உட்காரட்டும் என்று விட்டுவிடுவதே மேல். வளைந்த ஸ்கிட்டுக்குப் பூமைவிட விலை குறைவு.

கடைசி நாலு மீட்டர்

இதற்குப் பின் வந்த சிக்கல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சுழற்சி நன்றாக இருக்கிறது. சறுக்கல் சீராக வருகிறது. ஃபிளேரும் சரியான உயரத்தில்தான். ஆனால் தரைக்கு நாலு மீட்டர் இருக்கும்போது மாடல் திடீரென்று காலுக்குக் கீழே ஒன்றுமில்லாததுபோல அமிழ்கிறது. பதிவில் குறை எதுவும் தெரியவில்லை. இது எல்லா நாளும் நடக்கவும் இல்லை. காலையில் வந்தால் சரியாக இறங்குகிறது; மாலையில் அமிழ்கிறது.

காலையில் இந்தப் பக்கம் மேற்கிலிருந்து மெல்லிய தரைக்காற்று, பல நாள் அதுவும் இருக்காது. முற்பகல் தாண்டிய பிறகு கடல்காற்று உள்ளே ஏறும். மாலை நாலு மணிக்குக் கிழக்கிலிருந்து வரும் அந்தக் கொண்டல் நன்றாக நிலைத்து வீசும். அசைவற்ற காற்றில் ஆட்டோரொட்டேஷன் பழகுவது கடினம், சீரான எதிர்காற்று உதவும் என்பதால்தான் மாலையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். எதிர்காற்று இருந்தால் மாடலின் காற்றுவேகம் குறையாமலே தரைவேகம் குறைகிறது. ஸ்கிட் சறுக்கும் தூரமும் குறையும். ஆக, உதவ வேண்டிய காற்றே கெடுக்கிறது.

கொல்லையின் கிழக்கு ஓரத்தில் முந்திரித் தோப்பு. மரங்கள் ஐந்தாறு மீட்டர் உயரம், தரையைத் தொடும் கிளைகளோடு அடர்த்தியான சுவர். கொண்டல் அந்தச் சுவரைத் தாண்டி வரும்போது மேலே காற்று இருக்கும், கீழே இருக்காது. தம்பி காற்றை எதிர்த்துக் கிழக்கு நோக்கிச் சறுக்கி, தோப்பிலிருந்து 25 மீட்டருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். மரத்தின் உயரத்துக்குக் கீழே வந்ததும் எதிர்காற்று மறைந்துவிடுகிறது. அதோடு காற்றுவேகத்தில் மூன்று, நாலு மீட்டரும் போய்விடுகிறது. ஃபிளேரில் ரோட்டருக்குப் போக வேண்டியது இல்லாமல் போகிறது. ஒரு நீளக் குச்சியின் நுனியிலும் அடியிலும் பிளாஸ்டிக் நாடா கட்டி நட்டுப் பார்த்தோம். மேல்நாடா கிடையாகப் படபடக்கிறது, கீழ்நாடா தொங்குகிறது. சந்தேகம் தீர்ந்தது.

மரத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் தள்ளிப்போவது பொதுவான வழி. இறங்குமிடத்தை மேற்கே 60 மீட்டருக்கு மாற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டோம். அமிழ்வது நின்றது. எஃப்3சி எனும் மாடல் ஹெலிகாப்டர் போட்டிகளில் ஆட்டோரொட்டேஷனை வட்டத்துக்குள் இறக்க வேண்டும். நாங்கள் போட்டிக்குப் போகவில்லை, ஆனாலும் வட்டம் இருந்தால் கண் ஓரிடத்தில் நிற்கிறது. முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே பறக்கும் யாரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: மாடல் பறக்கும் உயரத்துக் காற்றும் இறங்கும் உயரத்துக் காற்றும் ஒன்றல்ல.

பினியன் கழன்ற மாலை

மாசியில் ஒரு மாலை, பயிற்சி எல்லாம் முடிந்து, கடைசி பேட்டரியில் தம்பி சும்மா எட்டு போட்டுக்கொண்டிருந்தார். 25 மீட்டர் உயரம் இருக்கும். மாடல் காற்றோடு மேற்கே போய்க்கொண்டிருந்தது. அதாவது முதுகுக்குப் பின்னால் காற்று, இறக்குவதற்கு மிக மோசமான நிலை. போன் குச்சியில் பதிவாகிக்கொண்டே இருந்தது.

முதலில் மோட்டார் கீச்சிட்டது. சுமை இல்லாத மோட்டார் கத்துகிற அந்தச் சத்தம் தவறாகப் புரியாது. அதே கணத்தில் ரோட்டரின் ஒலி தணியத் தொடங்கியது. நான் வாயைத் திறக்குமுன் மாடலின் மூக்கு லேசாகத் தாழ்ந்து இறக்கம் தொடங்கிவிட்டது. குச்சி ஏற்கெனவே அடியில் இருந்தது. ஹோல்ட் சுவிட்சை அதற்குப் பிறகுதான் போட்டார், கத்திக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்த. வரிசை முக்கியம்: முதலில் பிட்ச், பிறகு சுவிட்ச்.

அப்படியே விட்டால் காற்றோடு சேர்ந்து வேகமாகத் தரையில் தேய்க்க வேண்டும். தம்பி இடப்பக்கம் சாய்த்துத் திருப்பினார். ஆட்டோரொட்டேஷனில் திரும்பும்போது ரோட்டர் மீது சுமை கூடுவதால் சுழற்சி ஏறும், அதற்குப் பதிலாக உயரம் வேகமாகப் போகும். அரைவட்டம் முழுதாகத் திரும்ப உயரம் போதவில்லை. ஐந்து மீட்டரில் மாடல் இன்னும் காற்றுக்குச் சற்றுக் குறுக்காகவே இருந்தது. அங்கே அவர் திருப்பத்தை நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்று ஆசைப்படவில்லை. மட்டம் செய்து, ஃபிளேர் கொடுத்து, ஒரு மீட்டருக்குக் கீழே வந்ததும் பிட்சை மெல்ல ஊற்றினார். மாடல் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு ஸ்கிட் கால் முறிந்தது. பிளேடு இரண்டும் முழுசு. பூமில் கீறல் இல்லை.

மொத்தமும் நாலைந்து வினாடி. பதிவைப் பிறகு விரித்துப் பார்த்தபோது கோடு இப்படிப் போயிருந்தது: 300-லிருந்து 280, திருப்பத்தில் 290-க்கு ஏற்றம், ஃபிளேரில் 300-ஐத் தொட்டு, தரையைத் தொடும்போது 175. சுழற்சியாகச் சொன்னால் 2000, 1870, 1930, மறுபடி 2000, கடைசியில் 1170. மோட்டார் பிடியை விட்ட இடத்திலிருந்து கோடு நிமிரத் தொடங்கும் இடம் வரை அரை வினாடிகூட இல்லை. அன்று அந்த மாடலைக் காப்பாற்றியது அந்த அரை வினாடிதான். திருப்பம், ஃபிளேர் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை; உச்சியில் கை தயங்கியிருந்தால் அவற்றைச் செய்யச் சுழற்சியே இருந்திருக்காது.

"பயமா இருந்துச்சா தம்பி?"

"அப்ப இல்லண்ணே. சத்தம் நல்லா இருந்துச்சு. இப்பத்தான் கை நடுங்குது."

பிரித்துப் பார்த்தபோது, மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனை இறுக்கிப் பிடிக்கும் கிரப் ஸ்குரூ தளர்ந்து, பினியன் ஷாஃப்ட்டில் வெறுமனே சுழன்றிருந்தது. மோட்டார் ஷாஃப்ட் முழு உருளையாக இருந்தது, ஸ்குரூ உட்கார ஒரு தட்டையான பரப்பு அதில் இல்லை. அதிர்வில் கழல்வதற்கு அது போதும். ஷாஃப்ட்டில் அரத்தால் தட்டை எடுத்து, இரும்புத் தூள் மோட்டாருக்குள் போகாமல் துணி சுற்றி, எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் த்ரெட்லாக் பசை விட்டு முறுக்கினோம். ஸ்குரூவுக்கும் பினியனுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறது; கோடு விலகியிருந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை. மெயின் கியரின் பற்களையும் விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம், உதிர்ந்தது எதுவும் இல்லை.

அதே சாக்கில் ஒன்-வே பேரிங்கையும் கழற்றினோம். இந்தச் செம்மண் புழுதி எல்லா இடத்திலும் நுழைகிறது. பேரிங்கின் உருளைகளுக்கு இடையே மெல்லிய சிவப்புப் படலம் இருந்தது. அப்படியே விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: மோட்டார் ஓடும்போது வழுக்கும், அல்லது மோட்டார் நின்றபோது ரோட்டரை விடாமல் பிடித்து இழுக்கும். பெட்ரோலில் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். கிரீஸ் வைக்கக்கூடாது, உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். பொருத்திய பிறகு, ரோட்டரைக் கையால் அது ஓடும் திசையில் சுழற்றி விட்டால் மெயின் கியர் அசையாமல் நிற்க வேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் கியர் உடனே கூட வர வேண்டும். பறக்கப் போகும் ஒவ்வொரு நாளும், பேட்டரியை மாட்டுமுன் இதைப் பார்ப்பது இப்போது தம்பிக்கு வழக்கமாகிவிட்டது.

மிச்சம் இருப்பது அந்த அரைவட்டத் திருப்பம். இடப்பக்கம் ஓரளவு வருகிறது. வலப்பக்கம் திருப்பும்போது மாடலின் மூக்கு நம்மை நோக்கி வருவதால் கை இன்னும் தடுமாறுகிறது. 45 மீட்டரில் ஹோல்ட் போட்டு, முழுத் திருப்பம் முடித்து, 15-ல் மோட்டாரை மீட்கும் பழைய பாடத்தையே இதற்கும் வைத்திருக்கிறோம். சித்திரை வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கம் இன்னும் சற்று வேகமாகும். அதற்குள் வலப்பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்பது தம்பியின் கணக்கு. எடை கூடிய ஒரு ஜோடி பிளேடும் வாங்கி வைத்திருக்கிறார். அதைப் போட்டு அதே கொல்லையில், அதே கொண்டலில் ஒலிப்பதிவு எடுத்துப் பழைய கோட்டோடு ஒப்பிடப் போகிறோம்.